வெள்ளைச் சட்டை போட்ட படம்

எங்க வீட்டுக்காரரின் பட்டாளத்துப் பதிவில் அவர் வாங்கிய இரண்டு பதக்கங்கள் விட்டுப்போயிருக்கின்றன. அவர் போன பிறகுதான் தெரிந்தது. சேர்க்கச் சொல்லி இன்றைக்கு முன்னாள் ராணுவத்தினர் ஆபீசுக்குப் போனேன்.

அங்கிருந்தவரும் பட்டாளத்துக்காரர்தான். "பதக்கம் இருக்குதுங்களா அம்மா?" என்றார்.

"ஊடு மாத்தறப்போ காணாமப் போச்சுங்க."

"அதைக் குத்தியிருக்கிற போட்டோ இருந்தாக் காட்டுங்க. ரிப்பன் கலரைப் பாத்தே சொல்லிருவேன். எழுதிப் போட்டுக் கேக்கலாம்."

போனில் இருந்த மாலை போட்ட படத்தைக் காட்டினேன்.

"வெள்ளைச் சட்டையில்லீங்க போட்டிருக்காரு?"

அது பட்டாளத்து உடுப்போடு எடுத்த படம்தான். கடைசியில் பனியன் கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்தார். பார்க்கிறவர்கள் வாட்ச்மேன் உடுப்பு என்று நினைப்பார்களே என்று, மாலை போடப் படத்தைக் கொடுத்தபோது ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரில் சட்டையை மாற்றச் சொன்னது நான்தான்.

அதைச் சொல்ல வாய் வரவில்லை. "உடுப்புல படமே எடுக்கலீங்க" என்றேன்.

வெட்கம் தாங்காமல், அந்தப் பழைய படத்தைக் கேட்க நேரே ஸ்டுடியோவுக்குப் போனேன். "கிழிஞ்ச படம், வேண்டாம்னு நீங்கதானுங்க அக்கா சொன்னீங்க. அப்பவே போட்டாச்சுங்க குப்பைல" என்றார் ஸ்டுடியோக்காரர்.

சொந்தக்காரங்களே, சேவூர்க் கல்யாணத்துக்கு அவர் உடுப்பும் பதக்கமுமாக வந்தார். அன்றைக்கும் மாற்றச் சொன்னேன். நல்லவேளை, கேட்கவில்லை.

அந்தக் கல்யாண போட்டோ யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். நெஞ்சுப் பக்கம் தெரிந்தால் போதும். முகம் என்னிடம் இருக்கிறது.