டயர் மாமாவும் உறை போட்ட கல்லும்

மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற அவரை, டயர் மாமா என்றால்தான் தெருவில் தெரியும். ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய கார் வாங்கினார். காரை ஓட்டினாரோ இல்லையோ, டயரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பல் பிரஷ்ஷோடு தரையில் குந்தி, டயர் பள்ளங்களில் சிக்கிய பொடிக்கற்களை நோண்டி எடுப்பார். காற்றை அளக்கச் சொந்தக் கருவி வைத்திருந்தார்; பெட்ரோல் பங்க் மீட்டர் பொய் சொல்லுமாம். வெயில் ஏறினால் நான்கு டயருக்கும் ஈரச் சாக்கு. மனைவி முதுகு வலிக்கிறது என்றால், "கொஞ்சம் படு, சரியாயிடும்" என்பார். டயரில் காற்று ஒரு புள்ளி குறைந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

ஓட்டுவது வேறு கதை. கால் எப்போதும் கிளட்ச் மேலேயே குடியிருக்கும். சமதரையில் எப்படியோ ஒப்பேற்றிவிடுவார். மேடு வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கிளட்சை விட்டால் இன்ஜின் அணைந்துபோகும், விடாவிட்டால் வண்டி பின்னால் உருளும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் ரோடு போட்டவனைத் திட்டுவார். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டு கிளப்பலாமே என்று யாராவது சொன்னால், "டயர் தேய்ஞ்சிடும்" என்று ஒரே பதில்.

அதற்குத்தான் கல். மேட்டில் வண்டி நின்றதும் மனைவி இறங்கிப் பின் டயருக்கு அண்டை கொடுக்க வேண்டும். டயரில் கீறல் விழக்கூடாது என்று அந்தக் கல்லுக்குப் பழைய பனியனில் உறை வேறு. தைத்ததும் அவள்தான். வண்டி உறுமி ஏறிவிட்டால் மாமா நடுவில் நிறுத்தமாட்டார். நிறுத்தினால் மறுபடி கிளப்ப வேண்டுமே! உச்சியில் போய்த்தான் நிற்பார். அவள் கல்லை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்னால் நடந்து வருவாள். அவளுடைய அக்கா வீடு அப்படியொரு மேட்டின் உச்சியில்தான் இருந்தது. வீட்டில் கார் இருந்தும் அக்காவைப் பார்க்க மூச்சிரைக்க நடந்துபோன மகராசி இவள்.

அந்த அக்கா மகனோடு தூர ஊரில் குடியேறப் போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து இவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிளம்புவதற்குள் ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட வேண்டும். அக்கா கிளம்பும் நாள் காலையிலும் மாமா நிதானமாகக் காற்றளக்க உட்கார்ந்துவிட்டார்.

மேட்டில் வழக்கம்போல் வண்டி நின்றது. அவள் இறங்கிக் கல்லை வைத்தாள். வண்டி குலுங்கி அணைந்தது. மறுபடி கிளப்பினார், மறுபடி அணைந்தது. பின்னால் ஒரு தண்ணீர் லாரி ஹாரனை அலறவிட்டது. அவள் கையிலிருந்த போனில் அக்கா பேசினாள்.

"எங்கடி இருக்கே? சாமான் எல்லாம் ஏத்தியாச்சு. வண்டி கிளம்பப் போகுதுடி."

அவள் சுற்றி வந்து டிரைவர் பக்கக் கதவைத் திறந்தாள். "இறங்குங்க."

"என்னது?"

"இறங்குங்கன்னேன். கல்லை எடுத்துட்டு நீங்க நடந்து வாங்க."

"உனக்கு எப்படி..."

"நீங்க மத்தியானம் தூங்கறப்போ டிரைவிங் ஸ்கூல் போனேன். லைசென்ஸும் இருக்கு."

"தையல் கிளாஸுன்னு சொன்னியே!"

"கல்லுக்குப் பனியன் தைக்கக் கிளாஸ் எதுக்குங்க?"

மாமா இறங்கினார். அவள் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, இன்ஜினைக் கிளப்பி, கியர் மாற்றி, கிளட்சை மெல்ல விட்டாள். இன்ஜின் சத்தம் கனத்ததும் பிரேக்கை எடுத்தாள். வண்டி பொட்டுக்கூடப் பின்னால் நகராமல் ஏறியது. அவளும் நடுவில் நிறுத்தவில்லை. யாரிடம் பார்த்துப் பழகியவள்!

மாமா கல்லைத் தூக்கிக்கொண்டு நடந்தார். லாரிக்காரர், "ஏறிக்கிறீங்களா பெரியவரே?" என்றார். வீம்புக்கு வேண்டாம் என்றுவிட்டார். பாதி மேட்டிலேயே கை கடுத்தது, நெஞ்சு அடைத்தது. இவ்வளவு கனத்தையா இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

உச்சியில் சாமான் வண்டி இன்னும் கிளம்பவில்லை. அக்காவும் தங்கையும் கையைக் கோத்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக நின்றிருந்தார்கள். மாமா கல்லைக் கீழே போட்டுவிட்டு மூச்சிரைத்தார். பக்கத்திலேயே கார் நின்றது. அவர் டயரைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

அக்கா வாசல் சுவரில் இருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இந்தாங்க, குடிங்க. எப்பவும் இவளுக்காகத்தான் வெச்சிருப்பேன்."