புறாக்களுக்குப் பிறகு மரண அறிவித்தல்

மரியதாஸ் அண்ணை போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு மூதாட்டிக்குக் காலைக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் மாடித் தொலைபேசிக்கு அழைப்பு வந்திருப்பதாகச் சொன்னார்கள். எடுத்தால் அவருடைய மனைவி ரோசா அக்கா. “பிள்ளை, அண்ணை போயிட்டார். ஞாயிற்றுக்கிழமை நீதான் வாசிக்கவேணும்” என்றார். “ஓம் அக்கா” என்றேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. திரும்பி வந்தபோது கஞ்சி ஆறிப்போயிருந்தது. சூடாக்கி வந்து மிச்சத்தையும் ஊட்டினேன். அழுகை வரவில்லை. உடம்பு முழுக்கக் களைப்புத்தான் வந்தது.

ரொட்டி வெதுப்பகத்தின் வாகனம் ஓட்டியவர் அவர். ஒரு கடை வாசலில் தட்டுகளை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு மலர் போடுகிறோம், எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவரை உங்களில் பலருக்குக் குரலாகத் தெரியும். ஜேர்மனியின் ஹம் நகரில் அந்தக் குரலுக்குப் பக்கத்துக் கதிரையில் ஐந்து வருடம் இருந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

அந்த வானொலி முதலில் எங்களுடையதல்ல. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஜேர்மன்காரர்கள் சிலர் சங்கம் வைத்து நடத்திய சின்ன மத்திய அலை நிலையம். கால்வாய்க்கரையில் ஒரு செங்கல் கட்டடம், பின்னால் ஒரு கம்பம், உள்ளே அலுமாரி அளவில் ஒலிபரப்பும் கருவி. ஞாயிற்றுக்கிழமைகளில் துருக்கிக்காரருக்கு ஒரு மணித்தியாலம், கிரேக்கருக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. எங்கள் நேரத்தை மரியதாஸ் அண்ணை நடத்திவந்தார். ஊரெல்லாம் தெளிவாகக் கேட்கும் பண்பலைக்கு மாறிவிட்டது. சங்கத்துக் கிழவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியில் நிலையத்தை மூடி, கம்பத்தைப் பழைய இரும்புக்குக் கொடுப்பதென்று கூட்டம் போட்டார்கள். விடைபெறுவதற்கு அண்ணையையும் அழைத்திருந்தார்கள். நானும் கூடப் போனேன்.

இரண்டு வசனம் நன்றி சொல்லிவிட்டுத் திரும்புவோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். “இரும்புக்குக் கொடுப்பதில் யாருக்கும் மறுப்பு உண்டா?” என்று தலைவர் பிரிங்க்மான் கேட்டபோது, அண்ணை பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையைத் தூக்கினார். “நான் வாங்குகிறேன்” என்றார் ஜேர்மனில். அவருடைய ஜேர்மன் பிழைத்துவிட்டது என்று நினைத்துப் பிரிங்க்மான் மூன்று தரம் திருப்பிக் கேட்டார். பிழைக்கவில்லை. எனக்குத்தான் தலை சுற்றியது.

வெளியே வந்ததும் ஏசினேன். “அண்ணை, உங்களுக்கென்ன விசரே? ஒருத்தரும் இப்ப மத்திய அலை கேக்கிறேல்லை.”

“பிள்ளை, சனத்துக்கு ரேடியோ வேண்டாம். தங்கட பேரை ஆராவது சொல்லவேணும். அவ்வளவுதான்” என்றார். பெரிய தத்துவம் சொன்ன மாதிரியும் இல்லை. பேருந்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னார்.

வீடு வாங்கவென்று சேர்த்ததுதான் அந்தக் கம்பமாக மாறியது. ரோசா அக்கா ஒரு மாதம் அழுதார், பிறகு சமைத்துக் கொடுத்துவிடத் தொடங்கினார். மகன் யூட் அழவில்லை. தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று பேச்சை நிறுத்தி, டிரெஸ்டனுக்குப் படிக்கப் போய்விட்டான். அண்ணை அதைப் பற்றிக் கதைப்பதில்லை. யாராவது விசாரித்தால், “அவன் கெட்டிக்காரன்” என்பதோடு முடித்துக்கொள்வார்.

அனுமதிக்கு அன்ட்ராக் என்ற விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்தபின் ஒரு நிபந்தனையோடு கடிதம் வந்தது. நேரத்தில் பாதி ஜேர்மனில் இருக்கவேண்டும். பாதி நேரம் ஜேர்மனில் என்ன சொல்வது? அண்ணை பிரிங்க்மானிடமே போனார். அந்தப் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பந்தயப் புறா என்றால் உயிர். எங்கோ தொலைவில் கொண்டுபோய்த் திறந்துவிட்டு, யாருடைய புறா முதலில் கூடு சேருகிறது என்று பார்ப்பார்கள். அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை அமைந்தது. பத்து மணிக்குப் பிரிங்க்மான் புறாக்களின் பெயர்களையும் அவை வந்து சேர்ந்த நேரத்தையும் வாசிப்பார். பதினொரு மணிக்கு நாங்கள் மரண அறிவித்தல் வாசிப்போம். தன் நேரம் முடிந்தபின்னும் பிரிங்க்மான் போகமாட்டார். எங்கள் இஞ்சித் தேநீரைக் குடித்தபடி, ஒரு சொல்லும் விளங்காமல், மூலையில் இருந்து கடைசிவரை கேட்பார்.

அனுமதிக்குக் காத்திருந்த குளிர்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்ததில் கருவிக்குள் ஈரம் ஏறி, எலி வயர்களைத் தின்றிருந்தது. அண்ணையும் பிரிங்க்மானும் சனிக்கிழமை தோறும் அதற்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தார்கள். திருத்தி முடித்ததும், குரல் எதுவரை போகிறது என்று பார்க்க வேண்டுமென்றார் அண்ணை. “நான் ரயிலிலை கேட்டுக்கொண்டு போறன். நீ நிப்பாட்டாமல் கதை.” கையடக்க ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மின்சார ரயிலுக்குள் மத்திய அலையில் வெறும் இரைச்சல்தான் கேட்கும் என்பதை, ஊரிலேயே ரேடியோ திருத்தியவர், மறந்துபோனார். அதனால் ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கி, தண்டவாளத்தை விட்டு இரண்டு தெரு தள்ளி நடந்து, கேட்டுவிட்டு, அடுத்த ரயில் பிடித்திருக்கிறார். இது எனக்குத் தெரியாது. காலை ஒன்பதிலிருந்து கதைக்கிறேன், மனிதரைக் காணோம். செய்தி முடிந்தது, செபம் முடிந்தது, சமையல் குறிப்பும் முடிந்தது. கடைசியில் தபால்பெட்டியில் கிடந்த கடை விளம்பரத்தாளை எடுத்து வெங்காயம், கோழி, உருளைக்கிழங்கு என்று தமிழில் மொழிபெயர்த்து வாசித்தேன். மூன்று மணிக்கு மழையில் நனைந்து வந்து நின்றார். “கெல்சென்கிர்ச்சன் வரைக்கும் வெங்காயம் கேட்டுது, பிள்ளை!” என்றார். அவர் அவ்வளவு சந்தோசமாக நின்றதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை. அடுத்த வாரம் கெல்சென்கிர்ச்சனிலிருந்து ஒரு அக்கா தொலைபேசியில் கூப்பிட்டு, அந்த மலிவு விலை தங்கள் ஊர்க் கடைக்கும் உண்டோ என்று கேட்டார்.

அதன்பிறகு அறிவித்தல்கள் வரத் தொடங்கின. ஊரில் தாய் இறந்தால், இங்கே குளிர்சாதனப் பெட்டித் தொழிற்சாலையில் நிற்கும் பிள்ளை அழுவதற்கு இடமில்லை. வானொலியில் பெயர் வாசித்தால்தான் நாலு பேர் வீட்டுக்கு வருவார்கள். பிறந்த இடம், வாழ்ந்த இடம், இன்னாரின் கணவர், இன்னாரின் தந்தை, இன்னாரின் மாமனார் என்று போகும் அந்த நீளமான பட்டியல் முழுவதையும் வாசிப்போம். அறிவித்தல் தந்த குடும்பங்களின் அன்பளிப்பும் தமிழ்க் கடைகளின் விளம்பரமுமே நிலையத்தை நிற்கவைத்தன.

ஒரு ஞாயிறு நான் ஒரு பெரியவரின் அறிவித்தலை வாசித்தேன். மூத்த மகன் எழுதித் தந்த தாள். இரண்டு பிள்ளைகளின் பெயர்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், எல்லாம் ஒழுங்காக இருந்தன. மறுநாள் பின்னேரம் ஒரு பெண் தள்ளுவண்டியில் குழந்தையோடு நிலையத்துக்கு வந்தாள். பெயர் வசந்தி என்றாள். சத்தம் போடவில்லை. “அண்ணை, எங்கட அப்பாவுக்கு மூண்டு பிள்ளையள். நீங்கள் ரெண்டு பேரைத்தான் வாசிச்சனீங்கள்” என்றாள். வீட்டுக்குப் பிடிக்காத கலியாணம் செய்தவள். தகப்பன் இறந்ததையும், தான் அவருக்கு மகள் இல்லையென்று ஆனதையும் எங்கள் வானொலியில், என் குரலில், ஒரே நேரத்தில் கேட்டிருக்கிறாள். அண்ணை தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து அவளுடைய பெயரையும், கணவரின் பெயரையும், குழந்தையின் பெயரையும் கேட்டுக் கேட்டு எழுதினார்.

அடக்கத்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. நான் கெஞ்சினேன். “எங்களுக்கேன் அண்ணை வம்பு? தந்ததை வாசிச்சம். பிழை எங்களிலை இல்லை.”

“செத்தவரிட்டை உங்களுக்கு எத்தினை பிள்ளையள் எண்டு இனிக் கேக்க ஏலாது, பிள்ளை. நாங்கள்தான் சரியா எண்ணவேணும்.”

புதன்கிழமை சிறப்பு நேரம் எடுத்து, தானே இருந்து, மூன்று பிள்ளைகளின் பெயரோடும் அறிவித்தலை மறுபடி வாசித்தார். அன்று பின்னேரமே மூத்த மகன் வந்துவிட்டார். “எங்கட வீட்டு விசயத்திலை தலையிட நீங்கள் ஆர்?” என்று கத்தினார். “தம்பி, நான் ஒண்டும் புதுசாச் சேர்க்கேல்லை. நீங்கள் விட்டதை எடுத்து வைச்சனான்” என்றார் அண்ணை. அந்தக் குடும்பத்துக்கு இங்குள்ள தமிழர்களிடம் செல்வாக்கு இருந்தது. கடைகள் ஒவ்வொன்றாக விளம்பரத்தை நிறுத்தின. அறிவித்தல்களும் பாதியாகின. மின்கட்டணத்துக்காக அண்ணை ரொட்டி வேலை முடிய ஒரு பாடசாலையில் கூட்டித் துடைக்கவும் போனார். கடைசி இரண்டு வருடத்தில் நான் பார்த்ததெல்லாம் களைத்துப்போன ஒரு மனிதரைத்தான். பாட்டு ஓடும் மூன்று நிமிடத்துக்குள் கதிரையிலேயே நித்திரையாகி, பாட்டு முடியச் சரியாக விழித்துக்கொள்வார். “ஒரு பேருக்காக இப்பிடிச் சாகப்போறியளே?” என்று நான் ஒருநாள் ஏசியிருக்கிறேன். அந்தச் சொல் இப்போது நெஞ்சில் குத்துகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் ஒரு முறை வைத்திருந்தார். அறிவித்தல் கொண்டுவருகிறவர்களை எதிரே இருத்தி, எல்லாவற்றையும் பென்சிலால் எழுதி, அடியில் ஒரு வரி வெறுமையாக விட்டுவிட்டு நிமிர்வார். “வேறை ஆரும் விடுபட்டிருக்கினமோ?” என்று கேட்பார். பிறகு வாயே திறக்கமாட்டார். சிலர் கோபித்துக்கொண்டு தாளைப் பறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். சிலர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்து, தேநீர் ஆறியபின், மெதுவாக ஒரு பெயர் சொல்வார்கள். எழுதிவிட்டு மறுபடியும் ஒருமுறை அதே கேள்வியைக் கேட்பார்.

அவருடைய ஞாயிறும் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பிரிங்க்மான் புறாக்களை வாசித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ரோசா அக்காவும் நானும். மன்னாரைப் பிறப்பிடமாகவும் ஹம் நகரை வதிவிடமாகவும் கொண்ட, ரோசாவின் அன்புக் கணவரும், மேரியின் பாசமிகு தந்தையும் என்று சொல்லி அக்கா நிறுத்தினார்.

நான் அக்காவைப் பார்த்தேன். “அவனுக்குச் சொல்லியாச்சு. வாறன் எண்டும் சொல்லேல்லை, வரமாட்டன் எண்டும் சொல்லேல்லை. அவன்ரை பேர் வேண்டாம்” என்றார்.

எனக்கு அந்த வாரம் முழுக்கக் காலை வேலை. எதிர்த்துக் கதைக்கத் தெம்பில்லை. தாயே வேண்டாமென்கிறார், சரியென்றுவிட்டு வாசித்திருக்கலாம். ஆனால் கை தன்பாட்டில் அடியில் ஒரு வரி விட்டிருந்தது. “வேறை ஆரும் விடுபட்டிருக்கினமோ, அக்கா?” என்று கேட்டுவிட்டு நானும் வாயை மூடிக்கொண்டேன். அவர் என்னை முறைத்தார். முறைத்துக்கொண்டே இருக்கக் கண் கலங்கியது. “எழுது. யூட்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “டிரெஸ்டனிலை அவனுக்குக் கேக்குமே?” என்று கேட்டார்.

“கேக்காது, அக்கா.”

“எண்டாலும் வாசி.”

எழுதினேன். முறைப்படி இரண்டாம் தரமும் கேட்டேன். அக்கா இல்லையென்று தலையாட்டினார். அப்போதுதான் வாசலைப் பார்த்தேன். புறாக் கணக்குத் தாள்களைப் பிடித்தபடி பிரிங்க்மான் நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஞாயிறு தோறும் மூலையில் இருந்து அந்த ஒரு கேள்வியைக் கேட்டுக் கேட்டு, அது எதற்கென்று தெரிந்துவைத்திருக்கிறார். அன்றைய கூட்டத்தில் அண்ணை தூக்கிய மாதிரியே கையைத் தூக்கினார். “நான்” என்றார் ஜேர்மனில்.

ரோசா அக்கா என் கையிலிருந்து பென்சிலை வாங்கி, பிரிங்க்மானின் உற்ற நண்பரும் என்று தானே எழுதினார். பதினொரு மணிக்கு அப்படியே வாசித்தேன். அதன்பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

யூட் அடக்கத்துக்கு வந்தான். கடைசி வரிசையில் நின்றான். அவன் பெயரும் வாசிக்கப்பட்டதை அவனுக்குச் சொன்னது வசந்தி. அவன் என்ன பதில் சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

நிலையம் இனி நிற்குமா என்று என்னிடம் கேட்கிறீர்கள். தெரியாது. நானும் பிரிங்க்மானும் இருக்கும்வரை ஞாயிற்றுக்கிழமை இருக்கும், அதற்குமேல் சொல்ல என்னால் ஏலாது. கருவியையும் கம்பத்தையும் குடும்பம் பார்த்துக்கொள்ளட்டும். அண்ணையிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு கட்டைப் பென்சிலும் அந்தக் கேள்வியும் மட்டுமே. இதை எழுதி முடித்துத் திருப்பி வாசித்துப் பார்த்தேன். அவரோடு வேலை செய்தவர்கள், அவரிடம் ரேடியோ திருத்தியவர்கள், அவரோடு கோபித்துக்கொண்டு போனவர்கள் என்று எத்தனையோ பேர் இதில் இல்லை. அடியில் ஒரு வரி வெறுமையாக விட்டிருக்கிறேன்.

வேறை ஆரும் விடுபட்டிருக்கினமோ?