பள்ளிவாசல் சுவரும் கறுப்புக் காரும்

1. கண்ணாடியில் ஒரு வெடிப்பு

எண்பதுகளின் தொடக்கம். ஏ.எல். பரீட்சை எழுதிய கையோடு கல்முனையில் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்தேன். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மணப்பெண்ணைப் படமெடுக்க விடமாட்டார்கள். அதனால் போட்டோ அல்பத்தின் முதல் பக்கம் மாப்பிள்ளையின் காருக்குத்தான்.

நான் எடுத்த முதல் காரில் பிளாஷ் கமராவின் தலையிலேயே இருந்தது. முன்கண்ணாடியில் வெள்ளையாக ஒரு வெடிப்பு; மீதிக் கார் இருட்டு. முதலாளி பிரிண்டைத் தூக்கிப் பிடித்தார்.

"என்ன தம்பி, கார எடுத்தியா, மின்னல எடுத்தியா?"

எனக்கு முன்பே அங்கே வேலைக்கு வந்த நிசார் பக்கத்தில் நின்றான்; சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. என் வயதுக்காரன், எட்டாம் வகுப்போடு நின்றவன். பிளாஷைக் கழற்றி, நீள சிங்க் வயரால் கமராவோடு இணைத்து, தள்ளிப் பிடித்து எடுப்பான். அவன் படங்களில் கார்க் கதவின் வளைவு வழுக்கிக்கொண்டு ஓடும். ஒளி விழுந்த கோணத்திலேயே திரும்பும் என்று பௌதிகத்தில் எழுதிப் புள்ளி வாங்கியவன் நான். காரில் செய்து காட்டியவன் அவன்.

2. மஃரிப் நேரம்

அக்கரைப்பற்றில் அரிசி மில் ஹாஜியாரின் மகனுக்குக் கல்யாணம். கறுப்பு மொரிஸ் கார்.

"நிசார் எடுக்கட்டும். அவன் பிழை விட்டா இனி வெளி வேல எல்லாம் உனக்கு," என்றார் முதலாளி என்னிடம்.

பஸ் ஏறுமுன் நிசாரின் பையிலிருந்து சிங்க் வயரை எடுத்து என் காற்சட்டைப் பைக்குள் திணித்தேன்.

கல்யாணக் காரைச் சுற்றி எப்போதும் சனம். இருட்டும் நேரம், மஃரிப் தொழுகைக்கு எல்லோரும் பள்ளிவாசலுக்குள் போகும் பத்து நிமிடம்தான் அது தனியே நிற்கும். படத்தை எடுத்துவிட்டுப் பின்னால் நாங்கள் தொழுவோம். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு முடிந்தது. நிசார் பையைத் துழாவினான்.

"வயரக் காணல்ல மச்சான்."

"நல்லாத் தேடிப் பாரு." என் குரல் எனக்கே இனித்தது.

என்னை ஒரு தரம் பார்த்தான். பிறகு பள்ளிவாசல் சுவரோரமாகக் கமராவை ஸ்டாண்டில் பூட்டி, எதிரே நின்ற காருக்குத் திருப்பினான்.

"உன்ட கறுப்புத் தொப்பியால லென்ஸ மூடு. நான் சொன்னா மட்டும் எடு."

நான் மூடியதும் ஷட்டரைத் திறந்தபடியே விட்டுவிட்டு, பிளாஷோடு காருக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"சுவருக்கு ஏன்டா அடிக்கிறாய்?"

"கறுப்புக் கார் கண்ணாடி மாதிரி. அதுக்கு நேரா அடிச்சா பிளாஷ்தான் தெரியும். வெள்ளச் சுவருக்கு அடிச்சா சுவர் தெரியும். எடு!"

பிளாஷின் பட்டனைக் கையாலேயே அமுக்கினான். பளிச். மூடினேன். பிளாஷ் மெல்ல விசிலடித்துச் சார்ஜ் ஆகும்வரை காத்திருந்தோம். சுவர் நெடுகிலும் நகர்ந்து நகர்ந்து, ஒரே படத்தின் மேல் ஏழு தரம். ஒவ்வொரு தரமும் தொப்பி என் கையில். எடுக்காமல் விட்டிருந்தால் படம் போயிருக்கும். ஆனால் அது எப்படி வரும் என்று பார்க்கும் ஆசை பொறாமையை முந்திவிட்டது.

3. பிரிண்ட்

மறுநாள் டார்க் ரூமில், தட்டிலிருந்த தாளில் கார் மெல்ல மெல்லத் தெளிந்தது. பம்பரிலிருந்து பின்விளக்குவரை ஒரே வெள்ளை நாடா. வெளி வேலை நிசாருக்குத்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"வயரத் தா மச்சான்," என்றான் நிசார். "நாளைக்கு வேணும்."

"தெரியுமா?"

"பஸ்ஸுலேயே உன்ட பொக்கட் வீங்கிக் கிடந்திச்சே!"

முதலாளியிடம் அவன் மூச்சும் விடவில்லை.

புதிதாக இத்தொழிலுக்கு வருகிறவர்களுக்கு: பளபளப்பான பொருளென்றால், அதற்குள் எது தெரியப்போகிறது என்று முதலில் பாருங்கள், பிளாஷ் பிறகு. ஒருவனைக் கெடுக்கப்போய் நான் கற்றது இது. அந்த லைட்டிங்கை ஒரு வருடத்தில் பிடித்துவிட்டேன். காட்டிக்கொடுக்காமல் இருந்தானே, அதை நினைத்தால்தான் இன்றும் வயிறெரிகிறது.