ஸ்கேன் அறையில் சொன்னது

அரியூரில் எனக்கு ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, ஜெல் பாட்டிலை உள்ளங்கைகளுக்குள் வைத்துச் சூடாக்கிய பிறகே வயிற்றில் தடவினார். அந்தக் கனிவை நம்பித்தான், கட்டிய புருஷனிடம்கூடச் சொல்லாததைச் சொன்னேன். வில்லியனூர் மார்க்கெட்டில் மீன் விற்கும் எனக்கு ஒதுங்க இடமில்லை. வீடு திரும்பும்வரை அடக்கிக்கொள்வேன்.

“அதான் மலக்குடல் விரிஞ்சி போயிருக்கு, பாருங்க,” என்று திரையைக் காட்டினார்.

“யார்கிட்டயும் சொல்லிடாதம்மா,” என்றேன். தலையாட்டினார்.

மறுவாரம் என்னிடமே மீன் வாங்க வந்தார். சங்கரா மீனைப் புரட்டிக்கொண்டே, அத்தனை பேர் நடுவில் கேட்டார்: “இன்னாக்கா, இப்பல்லாம் வெளிக்கி ஒழுங்கா போவுதா?”

பக்கத்துக் கடைக்காரிகள் சிரித்தார்கள். நான் குனிந்து செதில் சுரண்டினேன். அவரோ, ஸ்கேன் அறையில் பார்த்த அதே கனிவோடு பதிலுக்குக் காத்து நின்றார். அந்தக் கனிவைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.