மட்டாஞ்சேரியில் ட்ரெய்லருக்கு ஒரு குளிர்காலம்

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் எங்கள் சிறிய கேம்பிங் ட்ரெய்லருக்கு, மழைக்காலம் முடியும்வரை தங்க ஓர் இடம் இன்று கிடைத்தது. மட்டாஞ்சேரியில், உஸ்மான் இக்காவின் சுக்குக் கிடங்கில் ஒரு மூலை.

வெளிநாட்டுக் காணொளிகள் பலவற்றை ஆராய்ந்து, அவற்றில் கூறியவாறே குழாயிலிருந்த நீரை வடித்து, ஜன்னல் இடுக்குகள் அனைத்தையும் டேப் ஒட்டி அடைத்தே கொண்டு சென்றேன்.

இக்கா வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார்.

“சேச்சி, இது எந்தா?”

“குளிர்காலப் பாதுகாப்பு.”

“கொச்சியில எவிடெ குளிரு? இவிடெ மழையாக்கும்! இப்படி அடைச்சா ஓணத்துக்குள்ள மெத்தை முழுக்கப் பூசணம் பூத்திடும். அது என் சுக்குக்கும் பரவும். டேப்பை எடுத்தா வண்டி உள்ளே, இல்லெங்கில் வெளியே.”

வானம் கறுத்துக்கொண்டிருந்தது. இருவருமாகக் குனிந்து டேப் முழுவதையும் உரித்தெடுத்தோம்.

“ஆரு சேச்சி இதெல்லாம் படிப்பிச்சது?”

“எவரிடமும் பயிலவில்லை. நானே கற்றுக்கொண்டேன்” என்றேன், தலைநிமிர்ந்து.

“அதான். தடுக்க ஆளில்லாம போச்சு.”

இதற்குத் தகுந்த கண்ணியமான மறுமொழி எவரிடமேனும் இருப்பின் அருள்கூர்ந்து கீழே எழுதவும். நாளை வண்டிச் சாவியைக் கொடுக்கையில் அவரை நேருக்கு நேர் சந்தித்தாக வேண்டும்.