மூன்று தடவை கூப்பிட்டாச்சு

அந்த அலுவலகத்தில் மின்விசிறி ஓடாத நாள் உண்டு, குழாயில் தண்ணீர் வராத நாள் உண்டு, அதிகாரி வராத நாளுக்குக் கணக்கே கிடையாது. மைக் அண்ணனின் குரல் வராத நாள் மட்டும் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. மற்றபடி வாசல் காவலாளியிலிருந்து மாடியில் இருக்கும் காஜியார் வரைக்கும் எல்லோருக்கும் அவர் மைக். ஆள் என்னவோ ஒட்டடைக்குச்சிதான். இந்த உடம்பில் இவ்வளவு குரல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று புதிதாக வந்தவர்கள் கேட்காமல் போனதில்லை.

முஸ்லிம்களின் மார்க்க விவகாரங்களைக் கவனிக்க அரசாங்கம் வைத்திருந்த அலுவலகம் அது. கீழ்த்தளத்தில் பள்ளிவாசல் பிரிவு. எந்தப் பள்ளிக்கு எந்த இமாம், யாருக்கு இடமாற்றம், எந்தக் கூரை ஒழுகுகிறது, வெள்ளிக்கிழமை மிம்பர் மேடையில் ஏறி எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது, எல்லாம் அங்கே முடிவாகும். பக்கத்து அறையில் அடக்கஸ்தலப் பிரிவு, செத்தவர்களுக்கு இடம் ஒதுக்குவதற்கு. மாடியில் குடும்ப விசாரணை. புருஷன் பெண்டாட்டி சண்டை, மணமுறிவு, பிள்ளை யாரிடம் இருப்பது என்ற இழுபறி, எல்லாம் அரசாங்கம் நியமித்த காஜியார் முன்னால் வந்து நிற்கும். ஆக, ஒரு முஸ்லிம் சேர்ந்து வாழவும் பிரிந்து போகவும் மண்ணுக்குள் போகவும் அந்தக் கட்டிடத்தின் வாசலை மிதித்தே ஆக வேண்டும். மாடி விசாரணைக்கு வந்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது மைக்கின் உத்தியோகம்.

கூப்பிடுவது என்ன பெரிய வித்தை என்று நினைத்துவிடாதீர்கள். மாடிப்படி முடிகிற இடத்தில் தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்று இருந்தது. அங்கே நின்று தகப்பன் பெயரை முதலில் சொல்லி, இன்னாருடைய மகன் இன்னார், இன்னாருடைய மகள் இன்னார் என்று மூன்று தடவை கூப்பிட வேண்டும். ஒரு கூப்பிடுதலுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆள் படியேறி வருகிற அளவுக்கு நேரம் விட வேண்டும். அப்படியும் வராவிட்டால் உள்ளே போய், "மூணு தடவை கூப்பிட்டாச்சுங்க, வரலைங்க" என்பார். அவர் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லை வைத்துத்தான் காஜியார் உத்தரவு எழுதுவார். மனைவி மணமுறிவு கேட்ட வழக்கில் புருஷன் தொடர்ந்து மூன்று விசாரணைக்கு வராவிட்டால் அவளுக்கு விடுதலை. நடுவில் ஒரு தடவை வந்து தலையைக் காட்டிவிட்டானோ, எல்லாம் முதலிலிருந்து.

எந்த வழக்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் புருஷன்மார் எல்லாம் எதிர்த்த டீக்கடையில் குந்திக்கொண்டு, மைக்கின் குரலுக்குக் காதைத் தீட்டி வைத்திருப்பார்கள். டீக்கடைக்கு ஒட்டினாற்போல இரும்புக் கதவு செய்கிற பட்டறை. நாள் பூராவும் டங்கு டங்கு என்று அடி. அந்தச் சத்தத்தையும் தாண்டிப் போய் டீ கிளாஸைக் கீழே வைக்கச் செய்கிற குரல் அந்த ஊரில் ஒருத்தருக்குத்தான் இருந்தது.

இவருக்கு முன்னால் அந்த ஜன்னலில் நின்றவன் ஆள் பார்த்துக் கூப்பிடுவான். வேண்டியவனென்றால் தெருவே அதிரும், வேண்டாதவனென்றால் அவன் மீசைக்கே கேட்காது. அவன் முணுமுணுத்த முணுமுணுப்பில் ஒரு ஏழைத் தாய் கீழே பெஞ்சில் உட்கார்ந்தபடியே பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தாள். விஷயம் வெளியே வந்து, அவனைத் துரத்திவிட்டு, அதே ஆபீஸில் கோப்பு தூக்கிக்கொண்டிருந்த மைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்தத் தாயின் அழுகையை மைக்கும் அன்று பார்த்தவர்தான். அன்றிலிருந்து அவருக்கு எதிரியும் ஒன்று, வேண்டியவனும் ஒன்று. பணக்காரன், பரதேசி, அதிகாரியின் மச்சான், யாராக இருந்தாலும் அதே குரல். அதில் அவருக்குப் பெருமை. கொஞ்சம் திமிர் என்றே சொல்லலாம். வீட்டில் சாப்பிட உட்காரும்போதுகூட, "இன்னிக்கு ஒருத்தன் பஸ் ஸ்டாப்புலேருந்து ஓடி வர்றான்" என்று சொல்லிச் சிரிப்பார்.

தன் ஒரே மகளைத்தான் ஒரு டயர் கடைக்காரனுக்குக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை பார்க்க லட்சணமாக இருந்தான், ஐந்து வேளையும் தொழுதான், பெரியவர்கள் முன்னால் குரலை உயர்த்தமாட்டான். கதவைச் சாத்தினால் வேறு ஆள். கறியில் உப்பு கூடினாலும் அடி, குறைந்தாலும் அடி. ஒருநாள் அறைந்த அறையில் அவளுக்கு இடது காது போயிற்று. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்தவள் அழுதுகொண்டு மூலையில் கிடக்கவில்லை. தையல் மிஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு தைக்க ஆரம்பித்தாள். அவர் பேசும்போது வலது பக்கத்தைத் திருப்பிக்கொண்டு, "உங்க குரலுக்கு ஒரு காதே அதிகம் வாப்பா" என்பாள். அவர் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

மணமுறிவு கேட்டு மனுவும் போட்டாள். மருமகன் இரண்டு விசாரணைக்கு வரவில்லை. மூன்றாவதற்குக் கடைசி நிமிஷத்தில் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்து நின்று தவணை வாங்கிப் போனான். திரும்ப முதலிலிருந்து. திரும்ப இரண்டு தடவை வரவில்லை. அவனுக்கு அவளோடு வாழ்கிற ஆசையெல்லாம் கிடையாது. தன்னை ஒருத்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவதா என்ற வீம்பு. அவளை இழுத்தடித்துத் தேய்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இந்தத் தடவை மூன்றாவது விசாரணை வந்தபோது மைக்கே காஜியாரிடம் போய் நின்றார்.

"ஐயா, இது என் மக வழக்கு. வேற யாரையாவது கூப்பிடச் சொல்லுங்க. நான் ஒதுங்கிக்கிறேன்."

காஜியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "ஆபீஸ் டிரைவரை நிறுத்தினா பக்கத்து ரூமுக்கே கேட்காது. நீங்களே கூப்பிடுங்க. உங்க மேல சந்தேகப்பட இங்க யாரு இருக்கா?"

அந்த நம்பிக்கை இருக்கிறதே, அதுதான் மனுஷனைக் கொன்றது.

விசாரணை எழுத்தராக இருந்த பெண் வராந்தாவில் அவரை மடக்கினாள். அவருக்குத் தங்கை மாதிரி. "அண்ணே, இன்னிக்கு ஒரு நாள் அடக்கி வாசிங்க. பட்டறைச் சத்தத்துல யாருக்குத் தெரியப்போகுது? நான் காதைப் பொத்திக்கிறேன்." காலையில் கிளம்பும்போது மனைவியும் இதையேதான் சொல்லியிருந்தாள். மகள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பெண்கள் பெஞ்சின் ஓரத்தில், வலது காது ஜன்னல் பக்கம் இருக்கிற மாதிரிப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

முறை வந்தது. மகள் கண்ணெதிரே மாடி பெஞ்சிலேயே இருந்ததால் புருஷனை மட்டும் கூப்பிட்டால் போதும். மைக் ஜன்னலுக்குப் போனார். எதிரே டீக்கடையில் மருமகன் முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். பட்டறையில் அடி விழுந்துகொண்டிருந்தது. அவர் முதல் தடவை கூப்பிட்டார். பாதிக் குரல். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தத் தொண்டை பாதியில் நின்றது. தெருவில் ஒரு தலையும் திரும்பவில்லை. நேரம் விட்டு இரண்டாம் தடவை கூப்பிட்டார். அதுவும் பாதிதான். மருமகன் கிளாஸை நீட்டி இன்னொரு டீ கேட்டான்.

மகள் அவரைப் பார்த்தாள். ஒற்றைக் காதுக்கே வித்தியாசம் தெரிந்துவிட்டது. அவள் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வெளிச்சம் வந்ததை அவரும் பார்த்தார். இன்னும் ஒரே ஒரு தடவை. அப்புறம் உள்ளே போய் அந்தச் சொல்லைச் சொன்னால் முடிந்தது கதை.

அந்த நேரம் பார்த்தா பள்ளிவாசல் பிரிவு குமாஸ்தா படியேறி வர வேண்டும்? வேடிக்கைக்காரர், மனசில் ஒன்றும் கிடையாது. மைக்கின் தோளைத் தட்டி, "என்ன மைக், பேட்டரி தீந்துபோச்சா?" என்று கேட்டுவிட்டு வந்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஆண்கள் பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நிஜமான சிரிப்புதான், கேலிகூட இல்லை.

மைக்குக்கு உடம்பெல்லாம் கூசியது. பிள்ளையைப் பறிகொடுத்த அந்தத் தாய் ஞாபகத்துக்கு வந்தாளா, காஜியார் சொன்னது வந்ததா, இல்லை இத்தனை வருஷம் கட்டிக்காத்த பேர் இத்தனை பேர் முன்னால் போகிறதே என்று ரோஷம் பொத்துக்கொண்டு வந்ததா? நேர்மையா, வீம்பா? அவரிடம் கேட்டால் அவருக்கே தெரியாது. மூன்றாவது தடவை முழுத் தொண்டையில் கூப்பிட்டார்.

டீ கிளாஸ் கீழே இறங்கியது. மருமகன் பையிலிருந்து தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு தெருவைத் தாண்டினான். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறி வந்தவன், மாமனாரைப் பார்த்து, "அஸ்ஸலாமு அலைக்கும் மாமா" என்றான். அவரும் பதில் ஸலாம் சொன்னார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

உள்ளே அவன் அழுதான், திருந்திவிட்டேன் என்று சத்தியம் செய்தான். இந்த மாதிரி அழுகையைக் காஜியார் எத்தனையோ பார்த்தவர். ஆனாலும் புருஷன் சேர்ந்து வாழக் கேட்டால் சமரச காலம் என்று ஒன்று கொடுத்தே ஆக வேண்டும் என்பது அலுவலகத்தின் விதி. அது முடியும்வரை அவள் அவன் வீட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மனு தள்ளுபடி. கொடுத்தார். வெளியே வந்தபோது மைக்கின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா இந்த ஆபீஸ் எங்கேயோ போயிடும்" என்றார். மைக்கால் கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

மகள் தையல் மிஷினுக்கு உறை போட்டு மூடினாள். கிளம்பும்போது, "போயிட்டு வர்றேன் வாப்பா" என்றாள். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சமரச காலம் முடியவில்லை. அதற்குள் அவள் செத்துப்போனாள். மாடிப்படியில் கால் தவறி விழுந்துவிட்டாள் என்று மருமகன் சொன்னான். கீழ்வீட்டுக்காரி, காலும் தவறவில்லை கையும் தவறவில்லை, பிடித்துத் தள்ளினான் என்று போலீஸ்காரர்களிடம் அடித்துச் சொன்னாள். அவனைக் கொண்டுபோனார்கள். மைக் எந்த ஆபீஸில் வேலை பார்த்தாரோ அதே ஆபீஸ், அடக்கஸ்தலப் பிரிவில், அவளுக்கு இடம் கொடுத்தது. பள்ளிவாசல் பிரிவு குமாஸ்தாதான் முன்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார், மண் அள்ளிப் போடும்போது தேம்பித் தேம்பி அழுதார். அன்று அவர் சொன்ன வேடிக்கைப் பேச்சு என்ன செய்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. மைக்கும் சொல்லவில்லை.

வந்தவர்கள் எல்லாம் போன பிறகு மனைவி கேட்டாள். "ஊருக்கெல்லாம் கேட்குதே உங்க சத்தம். ஒரே ஒரு நாள், நம்ம பிள்ளைக்காகக் குறைச்சிருக்கக் கூடாதா?"

குறைத்தேன், இரண்டு தடவை குறைத்தேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அது இன்னும் கேவலம். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

திரும்ப வேலைக்குப் போனார். போகாமல் என்ன செய்வது, வீட்டில் அந்த மிஷின் உறைபோட்டபடி நின்றதே. சமரச காலம் முடிகிற அன்று விசாரணைப் பட்டியலில் மகளின் வழக்கு தானாக வந்து நின்றது. யாரும் அதை எடுத்துவிடவில்லை. எழுத்தர் பெண் அதைப் பார்த்துவிட்டுக் காஜியாரிடம் காட்டினாள். அவர் மைக்கை உள்ளே கூப்பிட்டார். முகத்தைப் பார்த்துப் பேச அவரால் முடியவில்லை.

"இதைக் கூப்பிட வேணாம். மனு போட்டவங்க தவறிட்டாங்கன்னு நான் எழுதிக்கிறேன்."

"கூப்பிடாம எப்படிங்க ஐயா முடிக்கிறது? யாரா இருந்தாலும் மூணு தடவை கூப்பிடணுமில்லையா?"

"அப்படின்னா டிரைவரைக் கூப்பிடச் சொல்றேன்."

"நான் இருக்கேனுங்களே" என்றார் மைக்.

ஜன்னலுக்கு வந்தார். டீக்கடையில் வழக்கமான கூட்டம், யார் யாருடைய புருஷன்மாரோ. பட்டறையில் அடி விழுந்துகொண்டிருந்தது. தகப்பன் பெயர் முதலில். இத்தனை வருஷத்தில் அந்த ஜன்னலிலிருந்து ஒருநாளும் வெளியே போகாத தன் சொந்தப் பெயரை முழுத் தொண்டையில் சொன்னார். பிறகு மகள் என்றார். பிறகு அவள் பெயரைச் சொன்னார். தினமும் அவருக்கு டீ கொடுக்கிற கடைக்காரர், அது யார் பெயர் என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தார்.

ஆள் படியேறி வருகிற அளவுக்கு நேரம் விட்டார். படியின் அடியையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாம் தடவை கூப்பிட்டார். அதே குரல், ஒரு நூல் குறையவில்லை.

எழுத்தர் பெண் ஓடி வந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "போதும் அண்ணே. உங்க கால்ல விழறேன், போதும்."

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா" என்று அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

மூன்றாவது தடவை கூப்பிட்டார். அதற்கும் நேரம் விட்டார், மற்றவர்களுக்கு விடுவதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே விட்டிருப்பார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய், காஜியார் முன்னால் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றார்.

"மூணு தடவை கூப்பிட்டாச்சுங்க" என்றார். "வரலைங்க."