எத்தன மாசம்?

எண்பதுகளில், கிள்ளானில் எங்கள் தெருப் பெண்களுக்கு ஸ்கேன் என்றால் ஒரே அர்த்தம்தான்: பிள்ளை. எனக்கோ கல்யாணமே ஆகவில்லை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அடிவயிற்று வலி உயிரை வாங்கியது. கிளினிக் டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, ஏதோ கட்டி போலிருக்கிறது, கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துவிடு என்றார்.

"கல்யாணமாகாத பொண்ணுக்கு எதுக்குலா ஸ்கேன்? பாக்குறவங்க என்ன பேசுவாங்க?" என்று அம்மா தலையில் கைவைத்தாள். எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். வெந்தயமும் பெருங்காயமுமாக நாளை ஓட்டினாள். கடைசியில் ஆபீசிலேயே நான் சுருண்டு விழுந்த பிறகுதான் சம்மதித்தாள்.

சம்மதித்தவள் சும்மா வரவில்லை. சேலை கட்டச் சொன்னாள். என் வகிட்டில் குங்குமம் வைத்தாள். தன் நீளச் சங்கிலியை என் கழுத்தில் போட்டு ரவிக்கைக்குள் செருகினாள். பார்ப்பவர்களுக்குத் தாலி மாதிரி தெரிய வேண்டுமாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சண்டை போடத் தெம்பில்லாமல் பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரி பெஞ்சு முழுக்கக் கர்ப்பிணிகள். வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, ஸ்கேன் முடியும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள். உட்கார்ந்தால் முட்டியது, எழுந்தால் வலித்தது. வாசலுக்கும் பெஞ்சுக்குமாக நடந்தேன். பெஞ்சிலிருந்த ஓர் அக்கா, "மொத புள்ளையா? எத்தன மாசம்?" என்றாள். நான் வாய் திறக்குமுன் அம்மா, "மூணு" என்றாள். அவளை முறைத்துவிட்டு மறுபடி நடந்தேன்.

உள்ளே ஒரு தமிழ் மிஸ்ஸி இருந்தாள்; நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். விவரமானவள்தான். ஆனால் வகிட்டைப் பார்த்து அவளும் நம்பிவிட்டாள். திரையை உற்றுப் பார்த்த டாக்டர் மலாயில் ஏதோ முணுமுணுக்க, மிஸ்ஸி என் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ள இல்லம்மா, மனச தேத்திக்க" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இருந்தது கட்டி. சினைப்பை முறுக்கிக்கொண்டு விட்டதாம். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், சினைப்பையையே எடுக்க நேரலாம் என்றார் டாக்டர்.

தள்ளுகட்டிலில் என்னை வெளியே கொண்டுவந்து மிஸ்ஸி அம்மாவிடம் சொன்னாள்: "இவங்க புருஷன வரச் சொல்லுங்க ஆன்டி. அவரு சம்மதிக்காம டாக்டர் கை வைக்க மாட்டாரு."

"மாப்பிள்ள சிங்கப்பூர்ல வேல செய்றாரு."

"அப்ப போன் போடுங்க. லேட்டானா உசுருக்கே ஆபத்து."

கத்த வேண்டும்போல் இருந்தது; வலியில் குரல் எழும்பவில்லை. அம்மா பெஞ்சைப் பார்த்தாள். அத்தனை பேரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்தக் கூடமே கேட்கும்படி சொன்னாள்:

"புருஷனே இல்ல மிஸ்ஸி. கல்யாணமாகாத பொண்ணு. நான்தான் பொய் சொன்னேன். எத எடுக்கணுமோ எடுத்துடுங்க, எனக்கு எம்புள்ள வேணும்."